பாதித் தலை

போன மாதம் நானும் அவன் அப்பாவும் சேர்ந்து
அமுக்கித்தான் பிடித்தோம்.
"அடம்" என்றார் அப்பா, செம்பனை லோரி ஓட்டுகிறவர்.
"ரெண்டு போடுங்க" என்றது வரிசையில் ஒரு குரல்.
ஏழு வயது யுகேந்திரன்
பகாவ் கடைத்தெரு முழுக்கக் கேட்கக் கத்தினான்.
எனக்கும் அடமென்றே பட்டது.

இன்று அம்மாவோடு வந்தான்.
பள்ளிச் சட்டையின் கழுத்தோரம்
அளவுத்துணி வெட்டியெடுத்த நூல் துளைகள்.
காலுறை புறம் மாறி, தையல் வெளியே.
"இல்லன்னா போடமாட்டான் அண்ணே."

தூறல் பிடித்தது.
ஒரே துளி புறங்கையில் பட,
வெந்நீர் பட்டவன்போல் உதறிக்கொண்டு
பக்கத்து மளிகைக்குள் ஓடினான்.
போய்ப் பார்த்தால்
இரண்டு அரிசி மூட்டைக்கு நடுவே
தன்னைத் தானே செருகிக்கொண்டு
கண்மூடி இருக்கிறான்.
இருபக்கமும் பாரம் நெருக்க
அத்தனை அமைதி.

முப்பது வருடம் தலை தொட்டுப் பிழைக்கிறவன் நான்.
மெல்லத் தொடுவதே இதம் என்றிருந்தேன்.
பூப்போல் போர்த்திய துணி,
பிடரியில் தூவிய பவுடர்,
அவனுக்கு என்னவாய் இருந்ததோ!

துணியை மடித்து வைத்தேன்.
"தலையில் கை வைக்கட்டுமா?"
இதுவரை யாரையும் கேட்டதில்லை இப்படி.
வெகுநேரம் கழித்துத் தலையாட்டினான்.
இரு உள்ளங்கையும் பதித்து அழுத்தினேன்,
ரொட்டி மாவை அழுத்துகிற மாதிரி.
தோள் இறங்கியது.

மெஷின் வேண்டாம், கத்தரி மட்டும்.
இடப்பக்கம் முடிந்ததும் "போதும்" என்றான்.
போதும்தான்.

பாதி வெட்டிய தலையோடு பசார் வழியே போகிறான்.
யாரோ சிரிக்கிறார்கள்.
அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.
மீதிக்கு வியாழன் வரச் சொல்லியிருக்கிறேன்,
கடை திறக்குமுன்.