காந்தி ரோட்டில் நிற்காதே

முதலில் வாட்சைப் பார்க்காதே, வெளிச்சத்தைப் பார்.
டியூப்லைட்டுக்குக் கீழே எல்லா முகமும் அழகுதான்.
வெயிலுக்குக் கொண்டுவந்து திருப்பு.
வெயிலுக்கா பஞ்சம் வேலூரில்?

நான் அப்படிச் செய்யவில்லை.
லாங் பஜாரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
இர்ஷாத் பாய் துணியை விரித்ததும்
கிளிப்பச்சை முகத்தோடு ஒன்று என்னைக் கூப்பிட்டது.
ஆயிரத்து எண்ணூறு.
வாரைத் தடவினேன். அசல் ஆட்டுத்தோல்.
மேல்விஷாரத்தில் பதினோரு வருஷமாகத்
தோலைத் தரம் பிரிக்கிறவன், அதில் ஏமாற மாட்டேன்.
வாரை நம்பி வாட்சை வாங்கினேன்.

மறுநாள் டீ நேரத்தில்
கணக்குப் பிரிவு தரணேந்திரன் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு
வெகுநேரம் பேசாமலிருந்தார்.
பிறகு சொன்னார்: "வார் நல்ல வார்."

முகத்துக்கு மறு பெயின்ட். எழுத்துகள் லேசாகக் குடித்திருந்தன.
உடம்பு ஒரு வாட்சினுடையது, உள்ளே ஓடுவது இன்னொன்றின் உயிர்,
விநாடி முள் எங்கிருந்து வந்ததென்று
அதற்கே தெரியாது.
ஆக, நான் வாங்கியது மூன்று.
அப்படிப் பார்த்தால் மலிவு.

அதனால் சொல்கிறேன்,
பின்மூடியைத் திறக்கச் சொல்.
மறுத்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நட.
அறுபது வயது உடம்பில் பள்ளிக்கூட முகம் இருந்தால் சந்தேகப்படு.
சாவியைத் திருகும்போது மணலை அரைப்பது போலிருந்தால்
அது மணலேதான்.
தண்ணீர் புகாது என்று பொறித்திருக்கிறதா,
பாலாற்றை நினைத்துக்கொள்.
பெயரில் என்னதான் இல்லை.

கதையோடு வருவதை வாங்காதே. கதைக்கு ஐந்நூறு கூடுதல்.
"மிலிட்டரிக்காரர் கட்டியது சார்."
எங்கள் ஜில்லாவில் தெருவுக்குப் பத்து மிலிட்டரிக்காரர்கள்;
அத்தனை பேரும் இர்ஷாத் பாயிடமேவா வந்து விற்றார்கள்?

என் நான்காவது, கதையில்லாமல் வந்தது.
காந்தி ரோட்டில், வங்காள எழுத்துப் பலகை மாட்டிய லாட்ஜ் வாசலில்.
அசன்சோல்காரர். நிமாய் என்ற பெயரே
ரசீது எழுதும்போதுதான் தெரிந்தது.
(ரசீது வாங்கு. அதையும் சொல்ல மறந்தேன்.)
ஒரு கையில் ஆஸ்பத்திரி ஃபைல், மறுகையில் டிபன் கேரியர்.
நாலாயிரம் என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

கற்றதையெல்லாம் செய்தேன்.
வெயிலில் திருப்பினேன். திறந்தேன். காதில் வைத்தேன்.
முகம், முள், இயந்திரம்,
கீறல்கூட அதன் சொந்தக் கீறல்.
இருந்தும் உதட்டைப் பிதுக்கினேன். அதுவும் ஒரு பாடம்தானே.
இரண்டாயிரத்து எழுநூறில் முடிந்தது.
எண்ணாமல் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.

நாலடி போனார்.
இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.
அங்கே வெயில் படாத ஒரு வட்டம்.
திரும்பி வந்து
இந்தியில் கேட்டார், மணி என்ன,
நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்களாம்.

பார்த்துச் சொன்னேன்.
மூன்று ஐம்பது.

அது பத்து நிமிஷம் பின்னால் ஓடுகிறதென்று
பஸ் ஸ்டாண்டில்தான் கண்டேன்.
அவருக்குத் தெரிந்திருக்கும்.
கூட்டிக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒன்று, இதை எனக்கு யாரும் சொல்லவில்லை:
வாங்கியதும் அந்த இடத்தில் நிற்காதே.
ஆட்டோ கிடைக்காவிட்டால்
நட.