காற்று எங்கே போகும்

முப்பத்தொரு வருடம் செம்பனை ஆலையில்
பாய்லரைப் பார்த்துக்கொண்டவன் நான்.
ஆவியைப் பற்றி எனக்குச் சொல்ல
பீடோங்கில் ஆளில்லை என்றிருந்தேன்.

அதனால்தான் தீபாவளிக்கு முன்
அறுபத்தொன்பது ரிங்கிட்டுக்கு வாங்கிய விசிறியை
நானே மாட்டினேன், குளியலறை சீலிங்கில்.
பலகையை வட்டமாய் அறுத்து
விளக்கு வயரிலிருந்து ஒரு கிளை இழுத்து
கறுப்பு டேப் நான்கு சுற்று.
சுவிட்சைப் போட்டதும் சுற்றியது.
தவமலர் கைதட்டினாள்.

ஜன்னல் இல்லாத குளியலறை.
தோட்டம் கைமாறியபோது
எங்களுக்கு ஒதுக்கிய மலிவுவிலை வீடு.
பிளான் போட்டவர்
குளிக்கிறவனும் மூச்சுவிடுவான் என்பதை மறந்திருந்தார்.
நான் திருத்திவிட்டேன்
என்று காப்பிக்கடையில் இரண்டு முறை சொன்னேன்.

மாசியில்
படுக்கையறை சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை.
முதலில் கெடா மாதிரி இருந்தது.
பங்குனிக்குள் பேராக்கையும் பிடித்துக்கொண்டது.
“ஓட்டுல ஒழுகுது.”
“மழையே இல்லியே.”
அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
என்னிடம் சொல்லாமல் ஆ சூனுக்குப் போன் போட்டாள்.

கஞ்சில் காரின் தலையில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்தான்.
ரெண்டாம் டிவிசனில் அவன் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார்.
கடனோடும் வசவோடும் கற்ற தமிழ்,
என் பிள்ளைகளுடையதைவிடச் சுத்தம்.

ஏறினான். தலையை உள்ளே விட்டான்.
டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் போனது.
“அண்ணே, மேல காளான் கறிக்கே ஆவும் போல.”
பிறகு கேட்டான்,
“ஃபேன் நல்லாத்தான் ஓடுது.
காத்து எங்க போவுது, அதச் சொல்லுங்க.”

நான் மேலே பார்த்தேன்.
ஆலையில் புகைபோக்கி இருந்தது.
அதைக் கட்டியவன் நானில்லை.

டேப்பை ஒரே விரலால் உரித்தான்.
செம்பு கருகியிருந்தது.
சோப்பு வைக்கும் மாடத்தில் அதை வைத்துவிட்டு
“யாரு செஞ்சது இது?” என்றான்.
என் வாய் திறக்குமுன்
வாசலில் நின்ற தவமலர் சொன்னாள்,
“முன்ன ஒருத்தர் வந்தாரு.
காசுகூட வாங்கல.”
ஆ சூன் அவளைப் பார்த்தான்.
என் விரல் நுனிகளைப் பார்த்தான்.
“இனிமே அந்த ஆளக் கூப்பிடாதீங்க அக்கா.”
“சரி,” என்றேன் நான்.

சுவரைத் துளைத்தான், பின்சந்துப் பக்கம்.
கம்சியாவின் துணிக்கொடியில் செங்கல் தூள்.
மன்னிப்புக் கேட்கப் போனது நான்.
புது வயர், குழாய்க்குள்.
மழை ஏறாத மூடி, வெளியே.
சீலிங் ஓட்டைக்கு ஒரு பலகை.
முடிந்தது என்று நினைத்தேன்.
கதவைக் கழற்றிப் படுக்கவைத்து
அடியில் ஒரு விரல் அகலம் அறுத்தான்.
“நல்ல கதவு அது!”
“உள்ள வராத காத்து
வெளிய எப்படிண்ணே போவும்?”

ஒரு டிஷ்யூ கேட்டான்.
ஓடும் விசிறியின் வாயில் வைத்துக் கையை எடுத்தான்.
விழவில்லை.

இருநூற்றெண்பது.
முந்நூறு கொடுத்தேன்.
இருபதைத் திருப்பித் தந்தான், எண்ணி.

இரவு எல்லாரும் அடங்கியபின்
உள்ளே போய்த் தாழிட்டு
வெந்நீரைத் திறந்துவிட்டேன்.
கண்ணாடி மங்கி, மெல்லத் தெளிந்தது.
ஒரு டிஷ்யூவை எடுத்து வைத்தேன்.
கையை எடுத்தேன்.

கதவடியின் ஒரு விரலில்
என் கால்நிழல் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
“ஒட்டுதா?”
“ஒட்டுது.”
கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து,
“இந்தக் கெடா, பேராக்கு?
அதுக்கும் ஆள் கூப்பிடவா?”
“பெயிண்ட்தானே,” என்றேன்.
“நானே அடிச்சிடுறேன்.”

பதில் இல்லை.
விசிறி ஓடிக்கொண்டிருந்தது.