எடு, இடு

சாஸ்கடூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
தபாலில் வந்த உறைகளைக் கொஞ்ச நேரம்
ரேடியேட்டர் பக்கம் வைத்துவிட்டுத்தான் பிரிப்பேன்.
குளிர்ந்த காகிதம் விரலை அறுக்கும்.

ஒவ்வொரு உறையிலும் மேலே ஒரு மஞ்சள் தாள்.
இடப்பக்கம்: எடு.
வலப்பக்கம்: இடு.
211 முதல் 214.6 வரை எடு.
211 முதல் 214.9 வரை இடு.
எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்துத்தான் விதிகள் பெருகும்,
வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்குவதுபோல.

சட்டக் கல்லூரி நூலகத்தில்
பத்தொன்பது வருஷமாக இதுதான் என் வேலை.
வளையத்தைத் திற, எடு, இடு, மூடு.
எடுத்தது பழைய காகிதப் பெட்டிக்கு:
நேற்றுவரை விதி, இன்று கிலோக் கணக்கு.

பருவ இதழ்கள் வேறு ரகம்.
பெயர் மாற்றிக்கொள்ளும்,
இரண்டு ஒன்றாகும்,
சொல்லாமல் நின்றுபோகும்.
வராத இதழைக் கேட்டு நான் எழுதுவது எப்போதும் ஒரே கடிதம்தான்.
ஒருமுறை குயின்ஸ்லாந்திலிருந்து பதில் வந்தது:
அந்த இதழ் அச்சாகவே இல்லை,
ஆசிரியர் இறந்துவிட்டார்,
உங்களைத் தவிர யாரும் கேட்கவில்லை.
பதிவேட்டில் 'வராது' என்று குறித்தேன்.
அதற்கென்றே ஒரு குறியீடு இருக்கிறது.

லோர்ன் ரத்துப் பட்டியலோடு வந்தார்.
விலை ஏறுகிறது, பணம் ஏறவில்லை,
எல்லாம்தான் தரவுத்தளத்தில் இருக்கிறதே என்றார்.
இருக்கிறது. இன்றையது.

டெல்ஃபீன் லாரொக் வந்தது அந்த வாரம்.
மாணவி இல்லை, வக்கீல் இல்லை,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
கையுறையைக் கழற்றாமலே கேட்டார்:
1979 மார்ச்சில்
மனைவி என்றால் யார்?

பொட்டாஷ் சுரங்கத்தில் அப்பா போனது பிப்ரவரியில்.
இழப்பீட்டு வாரியம் அம்மாவுக்கு ஒரே வரி எழுதியிருந்தது:
பக்கம் 214.3-இன்படி நீங்கள் மனைவி அல்ல.
அம்மாவும் இப்போது இல்லை.
பணம் வேண்டாம்,
அந்தப் பக்கத்தைப் பார்க்கணும்.

கம்ப்யூட்டர் இன்றைய மனைவியைக் காட்டியது.
சேர்ந்து வாழ்ந்திருந்தால் போதுமாம் இப்போது.
96க்கு முன்னால் தரவுத்தளம் வாய் திறக்கவில்லை.
வாரியத்தின் கையேடு அது;
சட்டமன்றத்தின் பக்கமே போகாத சொற்கள்,
வளையத்துக்குள் மட்டும் உயிரோடிருந்தவை.
எடுத்துப் போட்டது எங்கள் கைதான்.

கிடைக்காது என்று சொல்லத்தான்
நான்காம் பைண்டரைத் திறந்தேன்.
பிரிப்பு அட்டைக்குப் பின்னால்
ஒட்டிக்கொண்டு ஒரு தாள்.
எனக்கு முன்னால் இருந்த யாரோ,
மஞ்சள் தாளில் பென்சிலால் எச்.கே. என்று மட்டும் போட்டவர்,
81 ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை
புதியதை இட்டிருக்கிறார்,
பழையதை எடுக்க மறந்திருக்கிறார்.
அதற்கப்புறம் நாற்பது 'எடு'க்களுக்கு அது தப்பியிருக்கிறது.
பாதி என் கைக்கு.

214.3.
"மனைவி என்பது பதிவுச் சான்றிதழ் உடையவர்.
ஏனையோர் வீட்டுப் பணியாளராகக் கருதப்படலாம்."

டெல்ஃபீன் இரண்டு முறை படித்தார்.
விரல்விட்டு எண்ணினார்.
இருபத்தாறு வருஷம்.
அப்போ அம்மாவுக்குச் சம்பள பாக்கி இருக்கு, என்றார்.
சிரித்தார்.
சிரிப்பு நின்ற பிறகும்
வாய் அப்படியே இருந்தது.

நகல் பக்கத்துக்குப் பத்து சென்ட்.
வேண்டாம் என்றேன்.
வைத்துவிட்டுப் போனார்.

விதிப்படி அந்தத் தாள் பெட்டிக்குப் போக வேண்டும்.
அட்டைக்குப் பின்னாலேயே திரும்ப வைத்தேன்.
பதிவேட்டில் பென்சிலால்:
பைண்டர் 4, ஒரு தாள் மிகை. எடுக்க வேண்டாம்.
கீழே என் எழுத்து இரண்டு.

லோர்னின் பட்டியலில்
அந்தக் கையேடு பதினேழாவது.
எல்லாவற்றுக்கும் சண்டை போட்டேன்,
பதினேழுக்குப் போடவில்லை.
ஒன்று மட்டும் கேட்டேன், பைண்டர்கள் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று.
சந்தாவை நிறுத்திவிட்டால்
இட ஒன்றும் வராது.
எடு என்றும்
யாரும் சொல்ல மாட்டார்கள்.