படியின் உயரம்

கலாசிப்பாளையம் தாண்டி ஒரு பழைய வண்டி யார்டு.
தகரக் கூரையின் கீழ் மூன்று நிற்கின்றன.
மூன்றுக்கும் ஒரே ஓனர், ஒரே டிரைவர் என்கிறார் நஞ்சுண்டப்பா.
டேஷ்போர்டுகளிலோ
ஒரு முருகன், ஒரு மாதா,
பாதி கிழிந்த பிறை.

டேப்பை எடுக்கிறேன்.
மரம் கழிக்கிற தொழிலில் பாரம் இரண்டு விதம்.
இலை இடத்தைத் தின்னும், எடை இருக்காது.
அடிமரம் ஓரமாகப் படுத்துக்கொண்டு
அச்சை முறிக்கும்.
இதற்கு உயரமான பக்கப் பலகை வேண்டும்,
அதற்கு உறுதியான ஸ்பிரிங் பட்டை.
மழைக்கு மறுநாள் வெட்டிய தூங்குமூஞ்சி மரமோ
எந்தக் கணக்குக்கும் அடங்காது.
பாதி தண்ணீர்.

முதல் வண்டி பதினாலு அடி.
பகலில் ஊருக்குள் விடமாட்டார்கள்.
ஸ்ரீராமபுரத்துக் கிராஸ் ஒன்றில் நுழைந்துவிட்டால்
ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும்,
அதுவும் ஸ்கூட்டர்காரர்கள் மனம் வைத்தால்.
பிலவேந்திரன் அதன் டயரைக் கம்பால் தட்டுகிறான்,
பட்டையைத் தட்டி உள்ளே பொந்து பார்ப்பவன்போல.
வேண்டாம் என்கிறான்.

இரண்டாவது, சின்ன யானை.
நாங்கள் விற்றதற்குத் தங்கை.
ஒரு குல்மோஹருக்கு நாலு நடை,
டீசல் போக மிஞ்சுவது டீக்காசு.
அதை நான் அளக்கவில்லை.
அதன் டெக் ஏழடி.
போன ஜூலையில் பசவனகுடியில்
கயிறு வழுக்கி இவன் விழுந்தபோது
ஏற்றிய கிளைகளையெல்லாம் நடுரோட்டில் தள்ளிவிட்டுத்தான்
இவனைக் கிடத்தினோம்.
ஆறடி ஒரு அங்குலம் ஆள்.
கால்மாட்டில் மிஞ்சிய இடத்தில்
நான் உட்கார்ந்துபோனேன்,
ஆஸ்பத்திரி வரைக்கும்
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

மூன்றாவது, ஃபோர் நாட் செவன்.
பத்தடி டெக். ஹைட்ராலிக் தூக்குகிறது,
கொஞ்சம் முனகலோடு.
பின்னால் கொக்கி இருக்கிறது;
நாளைக்கே சிப்பர் வாங்கினாலும்
இழுத்துக்கொண்டு போகலாம்.
துரு, பலகைக்குக் கீழே மட்டும்.
நோட்டில் எல்லாம் எழுதினேன்.
தரையிலிருந்து படி இருபத்திரண்டு அங்குலம்,
அதை மட்டும் எழுதவில்லை.

"இதையே எடுத்துடலாம்."
ஏறிப் பார்க்காமலே சொல்கிறான்.
ஓட்டிப் பாருங்க சார் என்கிறார் நஞ்சுண்டப்பா.
"சத்தம் கேட்டா போதும் எனக்கு."
அறுபது அடி உச்சியில்
ஒரு கையால் ரம்பம் பிடித்துக்கொண்டு
மறு கையால் எனக்கு டாட்டா காட்டியவன்.

நான் விலையில் இறங்கினேன்.
டயர் வழுக்கை என்றேன்.
எஃப்சி முடிய மூணு மாசம்தான் என்றேன்.
நஞ்சுண்டப்பா கன்னடத்தில் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார்.
ஸ்டெப்னியைப் பார்க்கிற சாக்கில் குனிந்தேன்.

வண்டிக்கு அடியில்,
அந்தப் பக்கம்,
இரண்டு செருப்பு, ஒரு கம்பு.
கம்பு சக்கரத்தில் சாய்ந்தது.
வலது கால் மறைந்தது.
இடது கால் மண்ணிலேயே நின்றது,
கட்டைவிரல் மட்டும் அழுந்தி,
ஒரு மாட்டுவண்டி போகிற நேரம்,
இல்லை, அதைவிடக் கூட.
என்ஜின் ஆயிலின் சொட்டு ஒன்று
என் கண் முன்னால் திரண்டு, தொங்கி,
விழுந்தது.
அப்புறம் அந்தக் காலும் இல்லை.

ஹாரன் அடித்தது. நீளமாக.
யார்டு நாய் எழுந்து குரைத்தது.
நான் நிமிரவில்லை,
ஸ்டெப்னியும் வழுக்கை என்றேன்.
குரல் கொஞ்சம் பிசகிவிட்டது.
அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு
நஞ்சுண்டப்பா ஏழாயிரம் குறைத்தார்.

சனிக்கிழமை இலியாஸ் பட்டறையில்
படிக்குக் கீழே இன்னொரு படி வெல்ட் வைக்கச் சொன்னேன்.
பதினோரு அங்குலத்தில்.
கைப்பிடி ஒன்று, கதவோரம்.
யாருக்கு என்றான் இலியாஸ், கண்ணாடியை ஏற்றிவிட்டு.
எனக்குத்தான் என்றேன்.
நான் குட்டை.