மெய்க்கு அரை

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
ஆறாம் ஆண்டில் உருப்போட்டு
மறந்து தொலைத்தது.
ஐம்பத்து மூன்றில், சிகாமட் ஆஸ்பத்திரியில்,
விரலைத் தட்டச் சொல்லி
நான் இமைப்பதை எண்ணிக்கொண்டே
டாக்டர் நோராய்னி எழுதித் தந்தார்:
ஆறரைக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று,
இரண்டரைக்கு ஒன்று,
ராத்திரிக்கு அரை.

லாபிஸ் செம்பனை ஆலையில் லாரி நிறுப்பவள் நான்.
குலையோடு ஓர் எடை, இறக்கியபின் ஓர் எடை,
கழித்தால் சரக்கு.
எனக்குப் புரிந்தது ஆகவே இப்படி:
முதல் நான்கு வருடம்
தலைக்குள் ஒரு தொட்டி இருந்தது.
எந்நேரம் ஊற்றினாலும் வாங்கி வைத்து
சொட்டுச் சொட்டாய்க் கொடுத்தது.
இன்று தொட்டி ஓட்டை.
லாரி வந்தால் எண்ணெய், வராவிட்டால் இல்லை.
பருப்பும் முட்டையும் அதே ஒற்றைச் சாலையில் வருகின்றன,
வழி விடுவதில்லை.
பகலெல்லாம் எனக்கு ரசஞ்சோறுதான்.

பத்து மணிக்குக் கால் தரையோடு ஒட்டும்.
ரசீதுப் பொத்தானுக்கும் விரலுக்கும் நடுவே
ஒரு சாண்.
வங்காளதேசத்து டிரைவர் ஜஸிம்
ஒன்றும் கேட்காமல்
ஜன்னல் வழியே கையை நீட்டி
அழுத்திவிட்டுப் போவான்.

போன ஆடியில் பால்குடம் எடுக்க ஆசைப்பட்டேன்.
ஆறரைக்கு விழுங்கியது போதாதென்று
எட்டுக்கு இன்னொன்றும் அரையும்.
யாரையும் கேட்கவில்லை.
நாற்பது நிமிடத்தில்
குடம் நேராக நின்றது, கால் பஞ்சு,
வயது இருபது.
ஒன்பதுக்குக் கழுத்து வளைந்தது.
தோள் நெளிந்தது.
இடுப்பு தன்பாட்டுக்கு வட்டம் போட்டது.
உறுமி மொத்தமும் என் பக்கம் திரும்பிவிட்டது.
வேப்பிலை, எலுமிச்சை, நெற்றி நிறையத் திருநீறு.
ஃபோர்மன் வீட்டுத் தவமலர் காலில் விழுந்தாள்:
"மகனுக்குச் சிங்கப்பூர்ல வேலை அமையுமா, தாயே?"

டோப்பமின் என்று சொல்லியிருக்கலாம்.
உறுமிச் சத்தத்தில் எப்படிச் சொல்ல?
"பத்தரைக்கு அடங்கிரும்" என்றேன்.
அடங்கியது.

மறுநாள் ஆலைக்கே வந்துவிட்டாள்,
தட்டில் வாழைப்பழமும் கற்பூரமும்.
மணி பத்து.
கை மாத்திரை டப்பாவுக்குப் பாதி வழியில்
நின்றுபோயிருந்தது.
முகத்தில் ஒரு தசை அசையவில்லை,
இமைகூட.
அதுவும் அவளுக்குச்
சரியாகத்தான் பட்டது.