காடைக் கொட்டகை, இரண்டாம் பிரதி

லிம் சூ காங் சந்தொன்றில்
காடை வளர்த்த பழைய கொட்டகை.
தகரமெல்லாம் துரு;
அதைக் கொஞ்சம் செம்பாக்கினேன்.
மழைக்கு முந்தைய வானத்தைக்
கத்தரிப்பூ நிறத்துக்கு நகர்த்தினேன்.
தூரத்துப் பாரந்தூக்கி போயிற்று.
நிலத்தைத் திரும்பப் பெறும் அறிவிப்புப் பலகையும்
இரண்டே சொடுக்கில்.

யீஷூன் வீட்டுக்கு வந்து
காவலாளி கிம் ஹோக்குக்கு அனுப்பினேன்.
கட்டைவிரல் ஒன்று வந்தது.
அரைமணி கழித்துக் குரல்:
"அழகு லா. என் சைக்கிள் எங்கே?"

கதவோரம் சாய்ந்திருந்ததாம்.
குப்பையென்று நினைத்து
அதன்மேல் புல் பூசியிருக்கிறேன்.

படிப்படியாகப் பின்னால் போனேன்.
பலகை வந்தது,
பாரந்தூக்கி வந்தது,
வானம் வெளுத்தது,
தகரத்தில் பழைய துரு.
முதலில் அழித்தது அதைத்தான் போல,
கடைசியில்தான் கிடைத்தது:
புல்லுக்குள்ளிருந்து
ஒரு மணி,
அப்புறம் கைப்பிடி.