கதவில் சாத்திப் பார்த்தது

பாலையூற்றில், மெல்ரோய் அந்திராடோ வீட்டுக் கட்டிலில்
மூன்று கிற்றார்கள் மல்லாந்து கிடந்தன.
நைட் டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தேன்.
பையில் ஓவர்டைம் காசு, அறுபத்திரண்டாயிரம்,
ரப்பர் பாண்ட் போட்டு.

"எல்லாம் அருமையான சாமான், மிஸ்."
வார்ட்டிலும் இப்படித்தான் சொல்லுவார்கள்:
ஒண்டுமில்லை மிஸ், சும்மா ஒரு நெஞ்சு நோ.

மஞ்சள் நிறத்தது கண்ணாடிபோல் மினுங்கியது.
அதன் வாய்க்குள் டோர்ச் அடித்தேன்.
மேலே ஓடிய மரத்தின் ரேகை
விளிம்பில் இறங்கவில்லை.
ஒட்டுப்பலகை. தட்டினால் பிஸ்கட் டின்.

அடுத்தது
நிலாவெளி ஹோட்டலில் ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போனதாம்.
முழுப்பலகை. தடித்த நரம்பை ஒருமுறை தட்டிவிட்டேன்.
அது அடங்கும்வரை மெல்ரோய்கூட வாய் திறக்கவில்லை.
நானும் கொஞ்ச நேரம்
விலையை மறந்து இருந்தேன்.

பிறகு பஸ் டிக்கட்டை எடுத்து
பிரிட்ஜின் அடியில் நுழைத்தேன்.
பாதி வரை போனது.
ஒரு கண்ணை மூடிப் பார்த்தால்
பலகை வயிறு வீங்கி, கழுத்து முன்னுக்கு வளைந்து.
இன்னும் இரண்டு வாடைக்காற்று தாங்கும்,
மூன்றாவதில் கையோடு கழன்று வரும்.
குரல் நல்லது என்பதற்காக
யாரையும் டிஸ்சார்ஜ் பண்ண முடியாது.

மிஞ்சியது கறுப்பு எலெக்ட்ரிக்.
திருகாணிகளில் உப்புக்காற்றின் துரு,
முதுகில் யாருடைய பெல்ட்டோ கீறின கீறல்.
வயரைச் செருகப் போனான், கரண்ட் போனது.
"பின்னேரம் வாங்களேன், மிஸ்."

நான் நரம்பு தேடிச் சம்பளம் வாங்குகிறவள்.
கண்ணுக்குத் தெரியாததை விரலால் பிடித்து
ஊசி ஏற்றுகிறவள்.
கிற்றாரின் தலையை அவன் அலுமாரியில் அழுத்தி
ஒன்றை மீட்டினேன்.
அலுமாரி பாடியது.
உள்ளே ஹேங்கர்கள் சிணுங்கின.

மெட்டு என்று நாங்கள் பாட்டையும் சொல்லுகிறோம்,
கழுத்தில் பதித்த கம்பியையும் சொல்லுகிறோம்.
கம்பி சரியில்லாவிட்டால் பாட்டு வராது.
கச்சான் காலம்; பலகை சுருங்கினால் கம்பி நுனிகள் வெளியே நீட்டும்.
விளிம்போடு விரலை ஓட்டினேன், கீறவில்லை.
பன்னிரண்டாம் மெட்டில் அமுக்கியும் கேட்டேன்,
அமுக்காமல் தொட்டும் கேட்டேன். ஒரே சுரம்.
இருபத்திரண்டு மெட்டு, ஆறு நரம்பு,
நூற்று முப்பத்திரண்டு இடத்திலும் நாடி பார்த்தேன்.
மெல்ரோய் இரண்டு தரம் கொட்டாவி விட்டான்.
பத்தொன்பதாம் மெட்டில், ஒல்லி நரம்பு மட்டும் கரகரத்தது.
நான் அவ்வளவு தூரம் போகிற ஆள் இல்லை.
ஆனாலும் அதைச் சொல்லி ஐயாயிரம் குறைத்தேன்.

பஸ் ஸ்டாண்ட் அருகே ஓட்டோ நின்றபோது
மான் ஒன்று வந்து உறையை முகர்ந்தது,
வேண்டாம் என்று போய்விட்டது.
அது எந்த மெட்டைப் பார்த்ததோ.

அப்போதுதான் ஞாபகம் வந்தது,
பஸ் டிக்கட்டை அந்த மற்றதின் பிரிட்ஜுக்குள்ளேயே
விட்டுவிட்டு வந்தது.

குவார்ட்டர்ஸில் இன்னும் கரண்ட் இல்லை.
தூங்கவேண்டும்; தூங்கவில்லை.
நிலத்தில் இருந்து, கிற்றாரின் தலையைக்
கதவில் சாத்தி வாசித்தேன்.
தெரிந்தது மூன்று கோர்ட்ஸ், மூன்றும் பிழையாக.
கதவுக்கு அது தெரியவில்லை.

யாரோ தட்டினார்கள்.
பக்கத்து அறை நிலூஃபாவாகத்தான் இருக்கும்,
அவளுக்கும் நைட் முடிந்த பகல்.
அந்தத் தட்டல்
மரத்தால் நுழைந்து, கழுத்தால் இறங்கி,
என் விலா எலும்புக்கு வந்தது.
ஆறு நரம்பும் மெல்லப் பதில் சொல்லின.

உடனே திறக்கவில்லை.
இன்னொரு தரம் தட்டட்டும் என்று
அசையாமல் இருந்தேன்.